கதவில் ஒரு சார்ட், பெட்டியில் ஒரு சார்ட்

எனக்குக் காபி பிடிக்காது. மாட்டுங்காவில் இருந்துகொண்டு இதைத் துணிந்து சொல்கிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பிரசவக் கேஸுக்குப் போகிற வீடுகளில் காலையில் அறை வாசற்படியில் ஒரு டம்ளரை வைத்துவிட்டு, "காபி வெச்சிருக்கு" என்று சுவரிடம் சொல்வதுபோல் சொல்லிவிட்டுப் போவார்கள். நான் எடுத்துக் குடித்துவிடுவேன். கொடுக்கிறவர்கள் மனம் நோகக்கூடாது அல்லவா. பதினோரு வருஷமாகப் பிடிக்காத காபியைக் குடித்துக்கொண்டிருக்கிறேன். என் நடத்தைக்குச் சாட்சி வேண்டுமென்றால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நர்ஸுகளை விசாரிக்கிற உங்கள் ஆபீஸ் கடிதம், புகாரின் நகலோடு, செவ்வாய்க்கிழமை வந்தது. இங்கிலீஷில் இருந்தது; கீழ்வீட்டுப் பையனைப் படித்துச் சொல்லச் சொன்னேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் டெம்பரேச்சர், பல்ஸ் என்று சார்ட்டில் எழுதுகிற அளவுதான். ஆகையால் தமிழிலேயே பதில் எழுதுகிறேன். உங்களிடம் தமிழ் படிக்கத் தெரிந்த குமாஸ்தா இல்லாமல் போகமாட்டார். பம்பாயில் எந்த ஆபீஸில்தான் எங்கள் ஆட்கள் இல்லை. வெங்கடராமன் என்பவருடைய மனைவி ஷ்யாமளா, வயது இருபது, பிரசவமான பதினோராம் நாள் இறந்துபோனது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். புகார் கொடுத்தவர் மாமியார் நாகலக்ஷ்மி என்றும் போட்டிருக்கிறது. மாமி பேரில் எனக்குக் கோபம் கிடையாது. பெரியவர், பாவம்.

என் பெயர் அபயாம்பாள். ஊர் மாயவரம். பதினாறு வயதில் விதவையானேன். அண்ணா என்னை வீட்டில் வைத்துக்கொள்ள மன்னி சம்மதிக்கவில்லை. சென்னையில் நர்ஸ் படிப்பில் சேர்த்துவிட்டார். படித்து முடித்ததும் யாரோ சொல்லி பம்பாய்க்கு வந்தேன். மாட்டுங்காவில் ஒரு அறை, ஒரு தகர டிரங்குப் பெட்டி, இவைதான் என் சம்சாரம். கேஸ் இல்லாத நாட்களில் காலையில் வடக்கத்திப் பால்கார பையாவிடம் "பஸ், பஸ்" என்று, போதும் என்ற அர்த்தத்தில், இரண்டு வார்த்தை சொல்வேன். அன்றைக்கு என் வாய் பேசுவது அவ்வளவுதான். சில நாட்களில் அந்த இரண்டு வார்த்தைக்காகவே கொஞ்சம் அதிகமாக ஊற்றவிட்டு நிறுத்துவேன்.

பிரசவ ஜுரத்தைக் கண்டுபிடிப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. இதைத் தற்பெருமை என்று நினைக்கவேண்டாம். பின்னால் சொல்லப்போவதற்கு இது முக்கியம். எல்லோரும் தெர்மாமீட்டரைப் பார்ப்பார்கள். அது கடைசியில் சொல்வதை நாடி முதலிலேயே சொல்லிவிடும். சூடு நூறைத் தாண்டாதபோதே நாடி நூற்றிருபது ஓடினால் நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவேன். பிறகு மூச்சு. மூச்சை எண்ணுகிறோம் என்று தெரிந்தால் மனுஷர்கள் வேறுமாதிரி மூச்சு விடுவார்கள். அதனால் மணிக்கட்டைப் பிடித்தபடியே, நாடி பார்க்கிற பாவனையில் மார்பைப் பார்த்து எண்ணவேண்டும். துணியில் வாடை மாறும். அடிவயிற்றில் கை வைத்தால் முகம் சுளிக்கும். கட்டில் கால் தடதடவென்று ஆடுகிற மாதிரி ஒரு குளிர் வரும். நாக்கு உலரும், சிறுநீர் குறையும். இதெல்லாம் ஆனபிறகு ஒரு நாள் சூடு தானாக இறங்கி, முகத்தில் ஒரு களை வந்து, "நன்னா இருக்கேன்" என்று சிரிப்பாள். வீட்டார் சாமிக்குத் தேங்காய் உடைப்பார்கள். ரத்தம் முழுக்க விஷமாகிவிட்டது என்பதற்கு அந்தச் சிரிப்புதான் அடையாளம்.

முந்தின வருஷம் தாராவியில் தோல் பதனிடுகிற ஷேக் பரீத் என்பவருடைய மனைவி ராபியாவுக்குப் பிரசவம் பார்த்தேன். மூன்றாம் நாள் ஜுரம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. நாடி மட்டும் ஓடியது. "மேலு சுடவே இல்லையேம்மா, நாளைக்குப் பாத்துக்கிடலாமே" என்றார் அவர். நாளைக்குப் பார்க்க ராபியா இருக்கமாட்டாள் என்று நான் சொன்னதும் தோல் ஏற்றுகிற கைவண்டியில் பாயை விரித்து, அவரே தள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். இப்போது சல்ஃபா மாத்திரை வந்துவிட்டது. நேரத்தில் சொன்னால் பிழைக்கிற நோய் இது. ராபியா பிழைத்தாள். அதிலிருந்து, என்னைக் கேஸுக்கு அனுப்புகிற டாக்டர் ஜம்பு எல்லோரிடமும், "அபயாம்பாள் சார்ட் எழுதினா நான் உள்ளே போய்ப் பார்க்கவே வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வேடிக்கையாகத்தான் சொன்னார். நாளாக ஆக அப்படியே செய்யவும் ஆரம்பித்தார்.

எங்கள் வீடுகளில் பிள்ளை பெற்றவளுக்குப் பத்து நாள் தீட்டு. தனி அறை, தனிப் படுக்கை, தனித் தட்டு. வீட்டார் அவளைத் தொடமாட்டார்கள். தொட்டுக் குளிப்பாட்டி, துணி மாற்றி, தூக்கி உட்கார்த்துகிறவள் நர்ஸ் ஒருத்திதான். அவள் உடம்பு சுடுகிறதா, குளிர்கிறதா என்பது என் கைக்குத்தான் தெரியும். மற்றவர்களுக்கு நான் கதவில் மாட்டுகிற சார்ட்தான் தெரியும். பதினோராம் நாள் காலையில் புண்யாஹம் செய்து தீட்டைக் கழித்து, குழந்தைக்குப் பெயர் வைப்பார்கள். சுபகாரியம். விதவை எதிரில் நிற்கக்கூடாது. ஆகவே பத்தாம் நாள் சாயங்காலமே என்னைப் பின்பக்கப் படிக்கட்டு வழியாக அனுப்பிவிடுவார்கள். தொண்ணூற்று மூன்று குழந்தைகளை முதல் பத்து நாள் குளிப்பாட்டியிருக்கிறேன். அவற்றில் ஒன்றுக்குக்கூடப் பெயர் வைத்து நான் பார்த்ததில்லை. நானாக ஒவ்வொன்றுக்கும் மனசுக்குள் ஒரு பெயர் வைத்துக்கொள்வேன். தெருவில் பிறகு பார்த்தால் அடையாளம் தெரியாது, கூப்பிடவும் முடியாது.

ஷ்யாமளா பாலக்காட்டுப் பெண். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து ஒரு வருஷம்தான். அப்பா அம்மா இல்லை; பிரசவத்துக்கு ஊருக்குப் போக இடமும் இல்லை. சுகப்பிரசவம். பெண் குழந்தை. என் கை சுத்தம். ஜுரம் என் கையால் வரவில்லை என்பதை மட்டும் தயவுசெய்து தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாம் நாளே அவள் என்னை அக்கா என்றாள். மற்ற வீடுகளில் நான் நர்ஸம்மா. என்னிடம் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள். பாலக்காட்டுக் குளம், கோவில் யானை, கணவர் தூக்கத்தில் ஆபீஸ் ஃபைல் நம்பர் சொல்வது, எல்லாம். நான் சாப்பிட்டேனா என்று கேட்பாள். அப்படிக் கேட்டு எத்தனை வருஷமாயிற்று என்று எண்ணிப் பார்த்தேன், விடை வரவில்லை.

மூன்றாம் நாள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, "இதுக்கு என்ன பேர் வெக்கலாம் அக்கா, சொல்லுங்கோ" என்றாள்.

"மாமியார் பேர்தானே வழக்கம்."

"அது அவா வெக்கற பேர். பெத்தவளும் காதுல ஒண்ணு சொல்லணுமாக்கும். நான் அபயம்னு சொல்லப்போறேன்."

"அடி அசடே, தாலியறுத்தவ பேரையா?"

"பயப்படாதேன்னுதானே அர்த்தம்? அழகான பேராக்கும். நீங்களும் அங்க நிக்கணும். நீங்க இல்லேன்னா நான் மணையில ஒக்கார மாட்டேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். ஆனால் நாலாம் நாள் காலை கூடத்தில் பேச்சு கேட்டது. "சுபகாரியத்துல அவளைக் கொண்டுவந்து நிறுத்தறதாவது, நன்னாருக்குடா" என்றார் மாமி. "ஷ்யாமளா பிடிவாதம் பிடிக்கறாம்மா. அடுக்களைக் கதவோரமா நின்னுட்டுப் போகட்டும், விடேன்" என்றார் வெங்கடராமன். மாமி பாத்திரத்தை ணங்கென்று வைத்தார். அது சம்மதம். அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பெட்டியில் ஒரே ஒரு பட்டுக்கரை வெள்ளைப் புடவை இருந்தது. அதை எடுத்து உதறி மடித்து வைத்தேன்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் அவளுக்குக் குளிர் வந்தது. கட்டில் ஆடியது. சூடு நூற்றிரண்டு, நாடி நூற்று இருபத்தெட்டு, மூச்சு முப்பது. எனக்குத் தெர்மாமீட்டரே வேண்டியிருக்கவில்லை. துணியை எடுத்தபோதே தெரிந்துவிட்டது. பேனாவை எடுத்துக்கொண்டு கதவில் தொங்கிய சார்ட்டின் முன்னால் நின்றேன்.

உள்ளதை எழுதினால் டாக்டர் வருவார். வந்தால் அன்றே ஆஸ்பத்திரி, தனி வார்டு. பதினோராம் நாள் தாயில்லாமலே புண்யாஹம் நடக்கும். தகப்பனார் ஒரு பெயரைச் சொல்வார், காரியம் முடிந்துவிடும். அபயம் என்று சொல்ல அங்கே யார் இருப்பார்கள்? என்னை யார் நிற்கவிடுவார்கள்? இன்னும் ஆறு நாள். ஆறு நாளில் என்ன ஆகிவிடப்போகிறது என்று நினைத்தேன் என்று எழுதினால் உங்களுக்கும் சுலபம், எனக்கும் சுலபம். ஆனால் அது பொய். ஆறு நாளில் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு என்று எழுதினேன்.

எனக்குப் பொய் எழுதிப் பழக்கமில்லை, கை கூசியது. அதனால் இன்னொரு தாளில் கோடு போட்டு, உள்ளது உள்ளபடி எழுதிப் பெட்டியில் வைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து கதவில் ஒரு சார்ட், பெட்டியில் ஒரு சார்ட். நாலு மணி நேரத்துக்கு ஒரு தரம் தவறாமல் இரண்டையும் எழுதினேன். பெட்டியில் இருந்ததை இத்துடன் வைத்திருக்கிறேன். ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. இவ்வளவு சுத்தமான சார்ட்டை உங்கள் ஆபீஸில் பார்த்திருக்கமாட்டீர்கள்.

ஆறாம் நாள் டாக்டர் வருகிற நேரம் எனக்குத் தெரியும். இரண்டு மணி நேரம் முன்பே ஆஸ்பிரின் கொடுத்து வேர்க்கவிட்டேன். ஷ்யாமளாவிடம், "குளிர் வந்ததைச் சொன்னா ஆஸ்பத்திரியில சேர்த்துடுவார், குழந்தையைப் பிரிச்சுடுவார்" என்று சொல்லி வைத்திருந்தேன். குழந்தையைப் பிரிப்பார்கள் என்பது உண்மைதான். யுத்தத்தால் டாக்டருக்குப் பெட்ரோல் கிடைக்காத நாட்கள். டிராமில் தொங்கி, மூன்று மாடி ஏறி, மூச்சு வாங்க வாசற்படியில் நின்றார்.

"என்னம்மா ஷ்யாமளா, எப்படி இருக்கே?"

அவள் என்னைப் பார்த்தாள். "நன்னா இருக்கேன் டாக்டர்" என்றாள்.

டாக்டர் சார்ட்டைப் பார்த்தார். "எல்லாக் கேஸும் இப்படி இருந்தா நான் காசிக்குப் போயிடலாம்" என்று சொல்லிச் சிரித்துவிட்டு இறங்கிப் போனார். கூப்பிட்டிருக்கலாம். படிக்கட்டில் அவர் செருப்புச் சத்தம் கடைசிப் படி வரை கேட்டது.

நான் அவளைக் கவனிக்காமல் விட்டேன் என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது. ஈரத்துணி மாற்றிக்கொண்டே இருந்தேன். கஞ்சியைக் கரண்டி கரண்டியாகக் கொடுத்தேன். பால் வற்றிப்போனதால் குழந்தைக்குப் பசும்பாலைக் காய்ச்சிப் பாலாடையில் புகட்டினேன். தலைமாட்டை விட்டு நகரவில்லை. அவளும் என் கையை விடவில்லை. உண்மையைச் சொல்லவேண்டுமென்றால், என் வாழ்நாளில் யாரும் என் கையை அவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருந்தது இல்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஏழாம் நாள் மாமி கதவுக்கு வெளியிலிருந்து, "ஏண்டி அபயாம்பா, அவ குரலே ஒரு மாதிரி இருக்கே?" என்று கேட்டார். "பால் கட்டிண்டிருக்கு மாமி, தானா சரியாப் போயிடும்" என்றேன். "மல்லிப்பூ வெச்சுக் கட்டறதுதானே" என்று சொல்லி, மார்க்கெட்டிலிருந்து நாலு முழம் வரவழைத்து வாசற்படியில் வைத்தார். பால் கட்டினால் மார்பில் மல்லிகை வைத்துக் கட்டுவது எங்கள் பக்கத்து வைத்தியம். தினமும் புதிதாகப் பூ வந்தது. கட்டினேன். அறையில் இருந்த வாடையும் கதவுக்கு வெளியே போகாமல் அடங்கிற்று.

எட்டாம் நாள் மத்தியானம் ஷ்யாமளா சொன்னாள்: "அக்கா, என்னால முடியல. டாக்டரைக் கூப்டுங்கோ. ஆஸ்பத்திரிக்கே போயிடறேன்."

"இன்னும் மூணே நாள்தானேம்மா. புண்யாஹம் ஆனதும் நானே கூட்டிண்டு போறேன்."

"பேர் எப்ப வேணாலும் வெச்சுக்கலாமே அக்கா."

எனக்கு அது வருத்தமாக இருந்தது. அவளுக்கு அது எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளக்கூடிய காரியம். எனக்கு அப்படியா? ஆனாலும் நான் முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. அதன்பிறகு கதவைச் சாத்தியே வைத்தேன். குழந்தைக்குக் காற்று ஆகாது என்றேன். தீட்டு அறைக் கதவு சாத்தியிருந்தால் அந்த வீட்டில் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். அவள் இரண்டு தரம் கணவரைக் கூப்பிட்டாள். அவர் அப்போது ஆபீஸில் இருந்தார்.

பத்தாம் நாள் நான் எதிர்பார்த்தது நடந்தது. குளிர் நின்றது. சூடு தொண்ணூற்றாறுக்கு இறங்கியது, நாடி நூற்று நாற்பத்தெட்டுக்கு ஏறியது. பெட்டிச் சார்ட்டில் இரண்டு கோடும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போவதைப் பார்க்கலாம். முகத்தில் அந்தக் களை வந்துவிட்டது. "நன்னா இருக்கேன் அக்கா" என்று சிரித்தாள். சற்று நேரம் கழித்து என்னை அம்மா என்று கூப்பிட்டு, குளத்துக்குப் போகலாமா என்று கேட்டாள். போகலாம் என்றேன். கதவைத் திறந்து, மாமி தூரத்திலிருந்து பார்க்கும்படி உட்கார்த்தி வைத்தேன். "முகம் தெளிஞ்சிருக்கு, பெருமாளே" என்று மாமி கும்பிட்டார்.

பதினோராம் நாள் காலை தலைக்கு ஊற்றவேண்டும். நான் ஈரத்துணியால் துடைத்து, தலைமயிரை மட்டும் நனைத்து முடிந்துவிட்டேன். முழங்காலில் தோல் வலைவலையாக நீலம் பாரித்திருந்தது. ஒன்பது கஜப் புடவைக்குள் அது தெரியாது. விரல்கள் சில்லென்று இருந்தன. பட்டுக்கரைப் புடவையைக் கட்டிக்கொண்டு, அவளை இரண்டு கையாலும் அணைத்து நடத்திக் கூடத்துக்குக் கொண்டுவந்து மணையில் உட்கார்த்தினேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை. நான் போய் அடுக்களைக் கதவோரம் நின்றேன்.

வாத்தியார் வானமாமலை தீர்த்தம் தெளித்தார். தீட்டு போயிற்று. மாமி முதல் தடவையாக மருமகளைத் தொட்டு நெற்றியில் குங்குமம் வைத்தார். கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். "என்ன இது, ஐஸ் மாதிரின்னா இருக்கு" என்றார்.

"குளிச்ச குளிர் மாமி" என்றேன் கதவோரத்திலிருந்து.

அப்போது மணி ஒன்பது. கீழே வாடகைக்கு ஒரு விக்டோரியா குதிரை வண்டி காலியாக நின்றுகொண்டிருந்ததை நான் ஜன்னல் வழியே பார்த்தேன். வெங்கடராமன் தட்டில் பரப்பிய அரிசியில் நாகலக்ஷ்மி என்று எழுதி, குழந்தையின் காதில் மூன்று தரம் சொன்னார். அடுத்தது தாய். குழந்தையை அவள் மடியில் வைத்தார்கள். அவள் மெதுவாகக் குனிந்தாள். உதடு அசைந்தது. அப்படியே குழந்தையின் பேரில் சாய்ந்தாள். மாமி குழந்தையை இழுத்துக்கொண்டார். டாக்டர் பதினோரு மணிக்கு வந்தார். உயிர் இரண்டு மணிக்குப் போயிற்று. கதவில் இருந்த சார்ட்டைப் பார்த்துவிட்டு இதயம் நின்றதால் மரணம் என்று டாக்டர் எழுதினார். அவரைக் குற்றம் சொல்லாதீர்கள். அவர் என்னை நம்பினார், அவ்வளவுதான்.

ஆகவே நீங்கள் கேட்டதற்குப் பதில் இது. ஷ்யாமளாவுக்கு ரத்தத்தில் விஷம் ஏறுவதை ஐந்தாம் நாளே நான் அறிந்தேன். யாருக்கும் சொல்லவில்லை. கேட்டவர்களுக்குப் பொய் சொன்னேன். சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாள். கொன்றது நான்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னால் போடுகிறேன். குழந்தையை அந்த வீட்டில் நாகு என்று கூப்பிடுகிறார்களாம். கூப்பிடட்டும். பெற்றவள் வைத்த பெயர் அபயம். என் காதால் கேட்டேன்.

மாமி தன் புகாரில், மருமகள் கடைசியாகக் குனிந்து சொன்னது பெயரே அல்ல, "தண்ணி, தண்ணி" என்றுதான் முனகினாள் என்று எழுதியிருக்கிறார். மாமி அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், நான் பத்தடி தள்ளி நின்றேன், எல்லாம் வாஸ்தவம்தான். ஆனால் மாமிக்கு வயதாகிவிட்டது, காது மந்தம். பதினோரு நாள் ராப்பகலாக அவள் பக்கத்தில் இருந்தவள் நான். அவள் தண்ணீர் கேட்டிருந்தால் நான் கொடுத்திருக்கமாட்டேனா?